நற்பிட்டிமுனைக்கு மின்சார வண்டியில்

கிழக்கிலங்கையின் கடலோரமாக ஓடும் பெருவீதியிற் கல்முனையை அடைந்து, அங்கிருந்து கடலுக்கு முதுகு காட்டி மேற்கே திரும்பினால், வயல்வெளியை அண்டிக் கிடக்கும் ஓர் ஊரைக் காணலாம். நற்பிட்டிமுனை என்பது அவ்வூரின் பெயர். பிட்டி என்றால் மேட்டுநிலம். நல்ல மேட்டுநிலம் அமைந்த முனை என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். கல்முனை, மருதமுனை, பாலமுனை என்று அந்தக் கரையில் முனைகள் பல. அயலிலுள்ள சேனைக்குடியிருப்பு என்னும் பெயரோ, சேனைப் பயிர் செய்த நிலத்தில் மக்கள் குடியேறிய கதையைத் தானே சொல்லிவிடுகிறது. முன்னோர் நிலத்துக்கு இட்ட பெயர்கள் வழிப்போக்கனுக்கு நட்டுவைத்த பலகைகள் போன்றவை. இங்கே மேடு உண்டு, அங்கே பள்ளம் உண்டு என்று அவை சொல்லும். சொன்னபடியே நிலமும் இருக்கும்.

பலகை சொன்னபடி பொருள் இல்லாவிட்டால் வழிப்போக்கனின் கதி என்னவாகும் என்பதை அவ்வூருக்குச் சென்ற ஒரு பயணத்திலே நாம் அறிந்துகொண்டோம். அந்த அனுபவத்தை வாசக நேயர்களுடன், சிறப்பாக மின்சார மோட்டார் வண்டி வாங்க எண்ணியிருக்கும் குடும்பத்தினருடன், பகிர்ந்துகொள்வது நன்றெனத் தோன்றுகிறது.

இரவில் வந்த செய்தி

நற்பிட்டிமுனையில் எமக்கு ஓர் உற்ற நண்பர் இருந்தார். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு ஆண்டுகள் எம்முடன் ஒரே விடுதியில் இருந்தவர். கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்து, ஓய்வு பெற்று, ஊரோடு இருந்தார். ஓரிரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் நண்பரின் மகன்.

"மாமா, வாப்பா மௌத்தாகிட்டார். நாளைக்கு அஸருக்குப் பிறகு ஜனாஸா. கொழும்பில இருந்து தங்கச்சி வந்து சேரணும், அதுக்காகத்தான் அவ்வளவு நேரம் வெச்சிருக்கிறம்."

முஸ்லிம் மக்களிடையே நல்லடக்கத்தைத் தாமதிக்கும் வழக்கம் இல்லை. அஸர் தொழுகை பிற்பகல் மூன்றரை மணியளவில் நிகழும். கண்டியிலிருந்து நற்பிட்டிமுனைக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் நண்பரின் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று கணக்கிட்டோம். எம் மனைவியாரும் உடன் வந்தார்.

எம்மிடம் இருப்பது யப்பானிற் பாவிக்கப்பட்டு இங்கு வந்த ஒரு நிசான் லீஃப் வண்டி. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் இவ்வகை வண்டிகள் நம் நாட்டுக்குப் பெருந்தொகையாக வந்தன. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தை எவரும் மறந்திருக்கமாட்டார். பெற்றோல் நிலையங்களின் முன் இரவு பகலாக மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஜூலையில் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று கியூஆர் அட்டை முறையும் வந்தது. அந்த வரிசையில் நின்று களைத்த பின்னரே இந்த வண்டியை ஒருவரிடமிருந்து வாங்கினோம். பற்றரி சற்று முதுமை எய்தியது. ஒருமுறை நிறைத்தால் 130 கிலோமீற்றர் ஓடும். ஆகவே இடைவழியில் ஒருமுறை மின்னேற்றியே ஆகவேண்டும்.

கையடக்கத் தொலைபேசியிலுள்ள வரைபடத்தைப் பார்த்தோம். நடுவழியில் ஒரு நகரத்தில் விரைவு மின்னேற்று நிலையம் ஒன்று உண்டெனவும், அது இயங்குகின்றது எனவும் பச்சை நிறப் புள்ளி காட்டியது. நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்று எண்ணி நிம்மதியாகப் புறப்பட்டோம்.

பதினெட்டு வளைவு தந்த கொடை

கண்டியிலிருந்து கிழக்கே செல்லும் பாதை ஹுன்னஸ்கிரிய வரை மலையேறிப் பின்னர் பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற இறக்கத்தில் மகியங்கனைச் சமவெளியை நோக்கிச் சுழன்று சுழன்று இறங்குகின்றது. கீழே மகாவலி நதி வெள்ளிக் கம்பிபோற் கிடக்கும். பெற்றோல் வண்டிக்காரர் இவ்விறக்கத்தில் தடையை மிதித்து மிதித்துச் சூடேற்றுவர். மின்சார வண்டிக்கோ இறக்கம் ஒரு வருமானம். வேகத்தைக் குறைக்கும்போது அதன் மோட்டாரே மின் பிறப்பாக்கியாக மாறி, சக்கரத்தின் சுழற்சியை மின்சாரமாக்கிப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகின்றது. மேட்டில் ஏறும்போது செலவழித்த காசிற் சில, இறங்கும்போது மடியில் வந்து விழுவதைப் போன்றது அது. அடிவாரத்தை அடைந்தபோது பற்றரிக் கணக்குச் சற்று உயர்ந்திருப்பதைக் கண்டு எம் மனைவியாரும் வியந்தார்.

மகியங்கனையைக் கடந்து மேலும் சென்றோம். பத்து மணிக்கு முன்பாகவே அந்த நகரத்தை அடைந்துவிட்டோம். நகரின் பெயரையும் நிலையத்தை நடத்துவோர் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. குறை ஒருவருடையது என்று சொல்வதற்கில்லை.

வீதியோரத்திலே பெரிய பலகை நின்றது. "சகல மின்சார வாகனங்களுக்கும் விரைவு மின்னேற்றம், 24 மணி நேரமும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே ஆள் உயரத்தில் யந்திரம். அதன் திரை கறுத்துக் கிடந்தது. தொட்டோம், தட்டினோம், அசைவில்லை. யந்திரத்திலிருந்து தொங்கிய கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தோம். அதன் நுனியிலிருந்த செருகி எம் வண்டியின் வாய்க்குப் பொருந்தாத வேறொரு வகை. யந்திரம் உயிரோடு இருந்திருந்தாலும் எமக்குப் பயன்பட்டிராது. பலகையிலிருந்த தொலைபேசி இலக்கத்தை அழைத்தோம். பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று எம்மைக் காத்திருக்கச் சொன்னது. காத்திருந்தோம்.

அருகிலே ஒரு தேநீர்க்கடை. கடைக்காரர் சிங்களவர். எமக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழும் சேர்ந்து விஷயம் விளங்கிற்று. யந்திரம் பழுதாகி இரண்டு வாரமாகிறதாம். "நிறையப் பேர் வாறாங்க மாத்தயா. பாக்குறாங்க, ஏசுறாங்க, போறாங்க" என்றார் அவர்.

நாமும் ஏசினோம். பின்னர் புறப்பட்டோம்.

ஆலையும் வாய்க்காலும்

சில கிலோமீற்றர் தூரத்தில் ஒரு பயணியர் விடுதியில் மின்னேற்றும் கம்பம் உண்டென்று தேநீர்க்கடைக்காரர் சொல்லியிருந்தார். அது வேலை செய்தது. எம் வண்டியின் செருகியும் பொருந்தியது. கம்பத்தில் "22" என்ற இலக்கம் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. இருபத்திரண்டு நிமிடமா, இருபத்திரண்டு ரூபாவா, வேறேதாவதா என்று சொல்வார் இல்லை. அது 22 கிலோவாற்று என்பதை நாம் ஊகித்தோம். ஆயின் வண்டியில் மின்சாரம் ஏறிய வேகமோ அதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவுதான். விடுதிப் பணியாளரிடம் முறையிட்டோம். அவர் பாவம், என்ன செய்வார்?

இவ்விடத்தில் மாணவ நேயர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். வீட்டுக் கம்பியில் வருவது ஆடலோட்டம். பற்றரி ஏற்றுக்கொள்வது நேரோட்டம். வயலிலிருந்து வருவது நெல். உலையில் இடத்தக்கது அரிசி. இடையில் ஆலை ஒன்று வேண்டுமல்லவா? மின்சார வண்டி ஒவ்வொன்றுக்குள்ளும் அப்படியொரு சிறிய ஆலை இருக்கின்றது. எம் பழைய வண்டியின் ஆலை 3.3 கிலோவாற்று அளவே அரைக்க வல்லது. வாசலிலே 22 கிலோவாற்று நெல் வந்து குவிந்தாலும், உள்ளே அரிசியாவது 3.3 தான். விரைவு நிலையத்திலோ பெரிய ஆலை வெளியே யந்திரத்திற்குள் அமைந்திருக்கின்றது. அது நெல்லை அங்கேயே அரைத்து, அரிசியாக, அதாவது நேரோட்டமாக, நேரே பற்றரிக்குள் கொட்டும். 50 கிலோவாற்று விரைவு என்பது அப்படி வருவது.

இன்னொன்று. கிலோவாற்று என்பது வாய்க்காலின் அகலத்தைப் போன்றது. கிலோவாற்று மணி, அதாவது மின்பட்டியலில் நாம் காணும் ஓர் அலகு, வயலில் நின்ற தண்ணீரின் அளவைப் போன்றது. எமக்கு அன்று மேலும் 12 அலகு வேண்டியிருந்தது. 3.3 கிலோவாற்று வாய்க்காலில் அது வந்து நிறைய ஏறக்குறைய நான்கு மணி நேரம். இதைக் கணக்கிட்டபோது மணி பதினொன்றரை.

அப்பொழுது எம் நண்பரின் நினைவு வந்தது. கலாசாலையில் படித்த காலத்திலேயே, "அலகு எங்கே?" என்பது அவருடைய வாய்ப்பாட்டு. விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாவிட்டால் அது விடையாகாது என்பார். அலகில்லாத அந்த 22 ஐ அவர் கண்டிருந்தால் சிவப்பு மையால் ஒரு வட்டம் இட்டிருப்பார்.

செருகிகள் ஐந்து

விடுதித் திண்ணையில் இருந்த நான்கு மணி நேரத்தில் இந்தச் செருகி விவகாரத்தை ஆராய்ந்தோம். எம் வண்டிக்கு உரிய விரைவுச் செருகியின் பெயர் சாடெமோ. 2010 ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனங்கள் கூடி வகுத்த முறை அது. "தேநீராவது அருந்தலாமே" என்னும் பொருள்படும் யப்பானியச் சொற்றொடரை நினைவூட்டும்படி அப்பெயரை அமைத்தார்களாம். ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி முடிவதற்குள் மின்னேற்றம் முடிந்துவிடும் என்பது கருத்து. அன்று நாம் ஐந்து கோப்பை அருந்தினோம்.

ஐரோப்பாவில் வழங்குவது சீ.சீ.எஸ். 2 என்னும் செருகி. சீனா தன் நாட்டுக்கென ஜீ.பி./ரீ. என்ற வேறொன்றை வகுத்தது. மெதுவான ஆடலோட்டத்துக்கோ டைப் 1, டைப் 2 என்று இரு வகை. நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. புதிதாக வரும் மின்சார வண்டிகளிற் பல சீ.சீ.எஸ். 2 வாய் உடையவை. ஆகவே புதிய நிலையங்கள் அதற்கே கேபிள் வைக்கின்றன. பழைய யப்பானிய வண்டியில் வருபவன் "சகல வாகனங்களுக்கும்" என்ற சொல்லை நம்பி ஏமாறுகிறான்.

இந்த இடர் நமக்குப் புதிதன்று. வட்டமுனைச் செருகிகளும் சதுரமுனைச் செருகிகளும் ஒரே வீட்டிற் கலந்து கிடந்து, இடையே மாற்றிக் கட்டைகளைச் செருகித் தவித்த காலத்தை நம் இல்லத்தரசிகள் மறவார். 2010 களின் பிற்பகுதியில் 13 அம்பியர் சதுரமுனையே நாட்டின் நியமம் என்று வகுத்த பின்னர்தான் அந்தக் குழப்பம் தீரத் தொடங்கிற்று.

விபுலாநந்தர் ஊரைக் கடந்து

மாலை நான்கு மணிக்கு வண்டி புறப்பட்டது. அந்நேரம் நற்பிட்டிமுனையில் ஜனாஸாத் தொழுகை முடிந்திருக்கும் என்பதை இருவரும் அறிவோம். எம் மனைவியாரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

மகா ஓயாவின் காட்டுப் பாதை கடந்து, அம்பாறையை அடைந்தோம். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்கள் இருமருங்கும் பச்சைப் பாய் விரித்திருந்தன. காரைதீவுச் சந்தியிற் கடற்காற்று முகத்தில் அடித்தது. சுவாமி விபுலாநந்தர் 1892 இற் பிறந்த ஊர் அது. யாழ் நூலின் ஆசிரியர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவர் விஞ்ஞானம் கற்றவர் என்பதும், 1930 களில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பெருமுயற்சியிற் சென்னையில் முன்னின்று உழைத்தார் என்பதும் சிலருக்கே தெரியும். அவர் பிறந்த ஊருக்குச் செல்லும் பாதையிலே, காலையில் நாம் கண்ட பலகையில் ஒரு தமிழ்ச் சொல்லோ ஒரு சிங்களச் சொல்லோ இருக்கவில்லை. உயர் அழுத்த மின்சாரம் பாயும் ஒரு யந்திரத்தில், எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதை ஊராரின் மொழியில் எழுதாமல் விடுவது அழகுக் குறைவு என்று விட்டுவிடத்தக்கதன்று. அது ஆபத்தும் ஆகும்.

நற்பிட்டிமுனையை அடைந்தபோது மஃரிப் தொழுகையும் முடிந்திருந்தது. நண்பரின் மகன் வாசலில் வந்து எம் கையைப் பற்றிக்கொண்டான். "பரவாயில்ல மாமா, உள்ளுக்கு வாங்க" என்று மட்டுமே சொன்னான். தாமதத்திற்கு நாம் சொல்ல வைத்திருந்த காரணங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லின் முன் வாயிலேயே நின்றுவிட்டன.

மௌத்து வீட்டில் ஓர் இரவு

மௌத்து வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. அயல் வீடுகளிலிருந்து சோறும் கறியும் வந்தன. வண்டியில் எஞ்சியிருந்த மின்சாரம் சில கிலோமீற்றருக்கே போதும் என்பதை அறிந்த மகன், "வளவுக்குள்ள எடுங்க மாமா, குசினிப் பக்கம் பிளக் இரிக்கி" என்றான்.

ஆயினும் அவன் உடனே செருகிவிடவில்லை. அவ்வூரிலே முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழ்கின்றனர். தமிழர் குடியிருப்பிலிருந்து மின் வேலை தெரிந்த ஒருவரை அழைத்து வந்தான். அவரும் நண்பரிடம் கணக்குப் படித்தவராம். பகலில் மையவாடி வரை சென்று வந்தவர். சோதனைக் கருவியுடன் சுவரைப் பார்த்தார், நிலத்தொடுப்புக் கம்பியைப் பார்த்தார்.

"தம்பி, எர்த் சரியா இருக்கு. வயரும் மொத்தம். இதுல போடலாம். ஆனா எக்ஸ்டென்சன் வயர் இழுக்கப்படாது, சூடாகிப் பத்திக்கொள்ளும்" என்றார்.

"சரி அண்ணே" என்றான் மகன்.

வீட்டில் மின்னேற்ற விரும்பும் நேயர்கள் இந்த அறிவுரையைக் குறித்துக்கொள்வாராக. எம் வண்டிக் கேபிள் 10 அம்பியர் இழுக்கும். 230 வோல்ற்றில் அது 2.3 கிலோவாற்று. தேநீர்க் கேத்தல் சில நிமிடம் இழுக்கும் அளவை இவ்வண்டி பத்து மணி நேரம் ஓயாது இழுக்கும். அத்தகைய சுமையைத் தாங்கப் பழைய கம்பியும் தளர்ந்த செருகியும் தகுதியற்றவை. பத்து மணி நேரத்தில் 23 அலகு. விடியும்போது எம் பற்றரி நிறைந்திருந்தது.

எந்தப் பலகையும் இல்லாத ஒரு வீட்டுச் சுவர், பலகை வைத்த நிலையத்தைவிட அன்று எமக்கு உதவிற்று. காரணம் என்னவென்று எண்ணிப் பார்த்தோம். அங்கே பொறுப்பேற்க ஒருவன் இருந்தான். சோதித்துப் பார்க்க ஒருவர் வந்தார்.

உலகம் என்ன செய்கின்றது?

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 181 பொது விரைவு நிலையங்களிலுள்ள 657 செருகிகளை ஆராய்ச்சியாளர் ஒவ்வொன்றாகச் சோதித்து 2022 இல் முடிவை வெளியிட்டனர். ஒழுங்காக இயங்கியவை 72.5 வீதம் மாத்திரமே. திரை உயிரற்றிருத்தல், பணம் ஏற்கப்படாமை, தொலைத்தொடர்பு அறுந்திருத்தல், செருகி உடைந்திருத்தல் என்பன காரணங்கள். சில இடங்களிற் கேபிளே வண்டியின் வாயை எட்டவில்லை. யந்திரம் தான் நலமாக இருப்பதாகத் தலைமையகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தாலும், நேரிற் சென்று செருகிப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது என்பதே இதனாற் பெறும் பாடம்.

இதற்குப் பரிகாரமும் காணத் தொடங்கியுள்ளனர். ஐரோப்பிய நாடுகளில் 2021 மார்ச் முதல், புதிய வண்டியின் வாயிலும் நிலையத்தின் செருகியிலும் அறுகோணத்துள் ஓர் எழுத்துப் பொறிக்கப்படுகின்றது. வண்டியின் எழுத்தும் நிலையத்தின் எழுத்தும் ஒன்றாயிருந்தாற் பொருந்தும். மொழி தெரியாதவனும் எழுத்தை ஒப்பிட்டு அறியலாம். பிரித்தானியாவின் 2023 ஆம் ஆண்டுச் சட்டவிதி, விரைவு நிலையங்களை நடத்துவோர் தம் வலையமைப்பை ஆண்டின் 99 வீத நேரம் இயங்கும் நிலையில் வைத்திருக்கவேண்டும் என்கிறது. கட்டணத்தை அலகுக்கு இவ்வளவு என்று காட்டவும், இரவு பகலாக இலவசத் தொலைபேசி உதவி தரவும் கட்டளையிடுகிறது. அமெரிக்க நடுவண் அரசு, தன் பணத்தில் அமையும் நிலையங்களுக்கு 97 வீதம் என்று 2023 இல் விதித்தது. மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 97 வீதம் என்றால் ஆண்டில் ஏறக்குறைய பதினொரு நாட்கள் பழுதாயிருக்க இடமுண்டு, 99 வீதம் என்றால் மூன்றரை நாட்களுக்குச் சற்று அதிகம். நாம் கண்ட யந்திரம் இரண்டே வாரத்தில் இரண்டு கணக்கையும் தாண்டிவிட்டது.

பெற்றோல் நிலையம் ஒன்று மூடிக் கிடந்தால் அடுத்ததற்குச் செல்லலாம். மின்சார வண்டிக்காரனுக்கு அடுத்தது நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கக்கூடும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீளும் கடற்கரைக்கு இது இரட்டிப்பு உண்மை. உப்புக் காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும் என்பதை அங்குள்ள மீனவர் எவரும் சொல்வர். அக்கரையில் யந்திரத்தை நட்டால் மட்டும் போதாது; மாதந்தோறும் ஒருவர் வந்து செருகிப் பார்க்கவேண்டும்.

ஆகவே ஒரு நிலையத்தின் பலகையில் இவை இருத்தல் வேண்டும்: செருகியின் படம், ஆடலோட்டமா நேரோட்டமா என்பது, அலகுடன் கூடிய கிலோவாற்று, ஓர் அலகின் விலை, இறுதியாகச் சோதித்த திகதி, ஆள் எடுத்துப் பேசும் தொலைபேசி இலக்கம். மூன்று மொழியிலும் எழுதவேண்டும். பழுதானால், பழுது என்ற சொல்லையும் அதே பெரிய எழுத்தில் எழுதவேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு யந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

தாம்போதியும் மையவாடியும்

மறுநாட் காலை மகன் எம்மைக் கிட்டங்கிப் பக்கம் அழைத்துச் சென்றான். கல்முனைப் பக்கத்தையும் நாவிதன்வெளிப் பக்கத்தையும் இணைக்கும் தாம்போதி அங்கே உள்ளது. மாரியில் வெள்ளம் பெருகினால் அதன்மேல் நீர் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்படும். அன்று நீர் அடங்கியிருந்தது. வயலுக்குச் செல்லும் முதியவர் ஒருவர் எம்முடன் நின்று பேசினார்.

"தண்ணி பாயுற நேரத்தில அக்கரைக்கு முதல் போனவன், கரையில நிக்கிறவனுக்குச் சத்தம் போட்டுச் சொல்லுவான் தம்பி, இடுப்பளவா, நெஞ்சளவா எண்டு. சொல்லாமப் போனா அது பாவம். அமானிதம் அது" என்றார் அவர்.

அமானிதம் என்பது ஒருவன் நம்பி ஒப்படைத்த பொருள். பிறர் தன்னை நம்பி அடி எடுத்து வைப்பர் என்று தெரிந்தும் ஆழத்தை மறைப்பது அந்தப் பொருளைக் கையாடுவதற்குச் சமம் என்பது அம்முதியவரின் கருத்து. காலையிற் கண்ட பச்சைப் புள்ளியும், "சகல வாகனங்களுக்கும்" என்ற பலகையும் எம் மனக்கண்ணில் வந்து நின்றன. எமக்கு முன் வந்து, பார்த்து, ஏசிச் சென்றவர்களும் நினைவில் வந்தனர். அவர்களுள் ஒருவராவது கரையில் நின்றவனுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏசிவிட்டுப் போனவர்களின் வரிசையில் நாமும் ஒருவர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அங்கிருந்து மையவாடிக்குச் சென்றோம். புதிய மண்மேட்டின் தலைமாட்டில் மீஸான் கட்டை நடப்பட்டிருந்தது. மீஸான் என்னும் அறபுச் சொல்லுக்குத் தராசு என்பது பொருள். அளவையில் அவ்வளவு கண்டிப்பாயிருந்த ஒரு மனிதரின் தலைமாட்டில் அந்தச் சொல் நிற்பது பொருத்தமே. ஒரு நாள் பிந்தி வந்தவர்களாய் அங்கே சிறிது நேரம் நின்றோம்.

திரும்பும் வழியில்

நிறைந்த பற்றரியுடன் புறப்பட்ட நாம், விடுதிக் கம்பத்தில் மீண்டும் காத்திருந்து மின்னேற்றிக்கொண்டு, அந்தத் தேநீர்க்கடையின் முன் வண்டியை நிறுத்தினோம். யந்திரத்தின் திரை கறுத்தபடியே இருந்தது. கடைக்காரரிடம் பிஸ்கட் பெட்டியின் மட்டை ஒன்றைக் கேட்டு வாங்கினோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் நாம் எழுதினோம். சிங்களத்தில் அவரே எழுதினார். இந்த யந்திரம் இன்று இயங்கவில்லை. இயங்கினாலும் சாடெமோச் செருகி இங்கு இல்லை. மெதுவான கம்பம் இன்ன விடுதியில் உண்டு, பழைய வண்டிகளுக்கு அங்கு 3.3 கிலோவாற்று வேகமே கிட்டும் என்று எழுதித் திகதியும் இட்டோம்.

"பழுது பாத்தா நான் கழட்டி வைக்கிறன் மாத்தயா" என்று சொல்லி, அவர் அதனைக் கம்பியாற் பலகையின் கீழே கட்டினார்.

வண்டியில் ஏறியபின் எம் மனைவியார், "எல்லாம் சரியாக எழுதினீர்களா?" என்று கேட்டார். இறங்கிச் சென்று மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தோம். அலகு எழுதியிருந்தது.